மால்டாவுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறோம்: பிப்ரவரியா, செப்டம்பரா?

தங்கச்சிமடம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி ஐரோப்பாவில் இருக்கிற மால்டா தீவு நாட்டில் நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை லீவுக்கு அவன் ஊருக்கு வருவதற்குப் பதில் அப்பாவையும் அம்மாவையும் அங்கே வரச் சொல்கிறான், துணைக்கு நானும் போகிறேன். மூன்று பேருமே விமானம் ஏறியதில்லை. தம்பிக்கு ஷிஃப்ட் வேலை. சேர்ந்தாற்போல் ஆறு நாள்தான் லீவு கிடைக்குமாம், மீதி நாட்களில் நாங்களாகத்தான் பஸ் பிடித்துச் சுற்ற வேண்டும். அதனால் அங்கே இருப்பவர்கள், போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர், முழங்கால் மடக்க முடியாமல் போனதும் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக் கொடுக்கிறார். மால்டா என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான், சின்னப்பர், அதாவது புனித பவுல், வந்த கப்பல் உடைந்த தீவுதானே அது என்று. வீட்டில் ஒரு பழைய வேதாகமம் இருக்கிறது. அதில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை எத்தனை தடவை படித்தாரோ, அந்தப் பக்கம் தனியாகக் கழன்று வந்துவிட்டது. ஆழம் பார்க்க விழுதுக் கயிறு விட்டபோது இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் போனதும் பதினைந்து பாகம், பாறையில் மோதிவிடுமோ என்று பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டது, கப்பலில் 276 பேர் இருந்தது எல்லாம் மனப்பாடம். நாங்களும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வோம், இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், அதனால் அந்த இடம் வந்தால் அவர் குரலே மாறிவிடும்.

பிப்ரவரி 10ஆம் தேதி அங்கே சின்னப்பர் கப்பல் உடைந்த திருநாள் என்று தம்பி சொன்னான், அப்பா அதற்குத்தான் போக வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு வீசிங் உண்டு, குளிர் ஆகாது, அதனால் செப்டம்பர் நல்லது என்று தம்பி நினைக்கிறான். எது சரி? அப்புறம் அப்பாவுக்கு வருமான வரிக் கணக்கு எதுவும் கிடையாது, விசாவுக்கு என்ன காட்டுவது? மாடிப்படி ஏற்றம் அதிகமா? அம்மா கேட்கச் சொன்னது, கருவாடு கொண்டு போகலாமா?

தொண்டிக்காரன்:

தங்கச்சி, நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன். முதலில் மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

பிப்ரவரி 10 திருநாள் நன்றாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. தலைநகரம் வாலெட்டாவில் கப்பல் உடைந்ததன் நினைவாகவே ஒரு கோயில் இருக்கிறது, சின்னப்பரின் மணிக்கட்டு எலும்பு என்று அங்கே ஒரு அருளிக்கம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சுரூபத்தைத் தோளில் தூக்கி வருவார்கள், மாடிகளிலிருந்து கிழித்த காகிதத்தை அள்ளி அள்ளிக் கொட்டுவார்கள், தெரு முழுக்க வெள்ளையாகிவிடும். ஆனால் அந்த மாதம் இரவில் 10 டிகிரி, பகலில் 15, 16. கொடைக்கானல் அளவுதானே என்று தோன்றும். இங்கே வீடெல்லாம் சுண்ணாம்புக் கல், பழைய வாடகை வீடுகளில் சூடு பண்ணும் வசதி சரியாக இருக்காது, சுவர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் குளிரும். நான் வந்த முதல் பிப்ரவரியில் ராத்திரி போர்த்திய கம்பளி காலையில் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கும், அலமாரியில் வைத்த சட்டையில் பூசணம் பிடித்தது. வீசிங் உள்ள அம்மாவை அந்த மாதத்தில் வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். நோன்பு நாள் கடந்து போனதால் இனிக் கடலில் போவது ஆபத்து என்று சின்னப்பர் எச்சரித்ததாக அதே அதிகாரத்தில் வருகிறது. அது செப்டம்பர் கடைசி, அக்டோபர் கணக்கு. அதற்குப் பிறகுதான் புயல், அப்புறம் மூன்று மாதம் தீவிலேயே தங்கியிருந்தார். ஆகவே பிப்ரவரி 10 திருநாள் வைத்த தேதிதானே தவிர கப்பல் உடைந்த நாள் அதுவாக இருக்க வேண்டியதில்லை. கோயிலும் குகையும் வருஷம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன.

செப்டம்பர் என்றால் 8ஆம் தேதி இங்கே இருக்கிற மாதிரி வாருங்கள். வேளாங்கண்ணித் திருவிழா நாள்தான் இங்கேயும் மாதா பிறந்தநாள், 1565ல் துருக்கியர் முற்றுகை முடிந்ததையும் அன்றைக்கே கொண்டாடுகிறார்கள், அரசு விடுமுறை. வாலெட்டாவின் பெரிய துறைமுகத்தில் அன்று மதியம் துடுப்புப் படகுப் போட்டி நடக்கும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் தன் படகோடு வரும், கரையில் நின்று அந்த ஊர்க்காரர்கள் கத்துவதைக் கேட்டால் நம்ம பக்கத்துப் படகுப் போட்டி நினைவு வரும். வெயில் குறைய ஆரம்பித்திருக்கும், கடல் நல்ல சூடாக இருக்கும்.

காற்றைப் பற்றி உங்கள் அப்பாவுக்கு விளக்கவே வேண்டாம், பெயர் மட்டும் சொன்னால் போதும். வடகிழக்கிலிருந்து வருவது கிரிகால், நம்ம வாடை மாதிரி. சின்னப்பர் கப்பலை அடித்ததும் வடகிழக்குக் காற்றுதான். தென்கிழக்கிலிருந்து வருவது ஷ்லோக், சகாரா பக்கத்துப் புழுதியைச் சுமந்து வந்து ஜன்னலிலும் காரிலும் செம்மண்ணாகப் படிய வைக்கும். அடிக்கடி அடிப்பது வடமேற்குக் காற்று, அதற்கு மஜிஸ்ட்ரால் என்று பெயர். ராமேஸ்வரத்தில் வடகடல் கலங்கினால் தென்கடல் பக்கம் போகிற மாதிரி இங்கேயும் ஒரு கரை கலங்கினால் மறுகரை அமைதியாக இருக்கும். தீவே 27 கிலோமீட்டர் நீளம்தான். ஆகவே எந்த நாள் எந்த ஊர் என்று ஊரிலேயே எழுதிக்கொண்டு வராதீர்கள், காலையில் எழுந்து காற்றைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். அந்த வேலையை அப்பாவிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்சஷ்லோக் போக வேண்டும். மார்சா என்றால் துறை, ஷ்லோக் நான் சொன்ன அந்தக் காற்று, தென்கிழக்குத் துறை என்று அர்த்தம். மீன் சந்தை அங்கேதான். மஞ்சள், நீலம், சிவப்பு அடித்த லுட்சு என்கிற மரப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு பக்கமும் கண் வரைந்திருக்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து லம்பூக்கி மீன் சீசன். ஓலைகளை மிதவையாகக் கட்டிக் கடலில் விட்டு, அந்த நிழலுக்கு மீன் கூடியதும் வளைத்துப் பிடிப்பார்கள். அதைக் கரையில் யாராவது கட்டிக்கொண்டிருந்தால் அப்பா அங்கேயிருந்து கிளம்ப மாட்டார், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

பஸ் தீவு முழுக்க ஓடுகிறது, ஒரு டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், அதற்குள் மாறி ஏறிக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறும் கார்டு உண்டு, மூன்று பேரும் அதை வாங்கிவிடுங்கள். கோடையில் நடுவழி நிறுத்தங்களில் பஸ் நிரம்பிப் போய் நிற்காமலே போகும், அதனால் முடிந்தவரை வாலெட்டாவில் புறப்படும் இடத்திலேயே ஏறி உட்காருங்கள், முழங்கால் வலியோடு ஒரு மணி நேரம் நிற்க முடியாது. பக்கத்துத் தீவான கோசோவுக்கு, வடமுனையில் உள்ள சிர்கெவ்வா துறையிலிருந்து பெரிய படகு, 25 நிமிஷம். போகும்போது யாரும் காசு கேட்க மாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் டிக்கெட், பதற வேண்டாம். வாலெட்டாவிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போகும் வேகப்படகும் இருக்கிறது, காற்று ஏறினால் முதலில் நிறுத்துவது அதைத்தான்.

பாம்பன் தெற்குவாடி:

விசா விஷயம் நான் சொல்கிறேன் அக்கா, நாங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. என் அக்காவும் அங்கேதான் இருக்கிறாள். அப்பாவை அனுப்ப முதல் தடவை ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். அவர் எங்களைக் கேட்காமலேயே ஒரு ஹோட்டல் புக்கிங்கை வைத்துவிட்டார். விண்ணப்பத்தில் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று இருக்கிறது, தங்கும் இடம் ஹோட்டல் என்று இருக்கிறது, அந்த ஹோட்டலில் கேட்டால் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை. நிராகரித்துவிட்டார்கள், கட்டிய பணமும் போனது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நம்மைத் திருடன் என்று நினைத்துவிட்டார்களே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை நாங்களே எழுதினோம். நீங்கள் உங்கள் தம்பியிடமிருந்து அழைப்புக் கடிதம், அவருடைய குடியிருப்பு அட்டை நகல், வேலைச் சான்று, வாடகை ஒப்பந்தம், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு வாங்குங்கள். அவர் உங்கள் அப்பா அம்மாவின் பிள்ளை என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழில் இருப்பதை எல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். அப்பாவுக்கு வரிக் கணக்கு இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், மீனவர் நலவாரிய அட்டை, வள்ளம் பதிவு, வீட்டு வரி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் வையுங்கள். ஊருக்குத் திரும்பி வர இங்கே வீடும் பிழைப்பும் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எங்கள் வீட்டில் விசைப்படகில் பங்கு உண்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கணக்கில் வரவே இருக்காது, அது ஏன் என்று நாலு வரி எழுதிக் கடிதம் வைத்தோம். கடைசி வாரத்தில் யாரிடமாவது வாங்கி மொத்தமாக ஒரு லட்சம் போட்டு வைக்காதீர்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பெயரைப் பாருங்கள், இன்றைக்கே பாருங்கள். எங்கள் அப்பா பெயர் ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் ஒன்று, அக்காவின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் இடத்தில் மூன்றாவது ஒன்று. அந்தோணி என்கிற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எங்கள் வீட்டில் இருந்தது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்த பிறகுதான் சரியானது.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, நம்ம பணத்தில் ஒன்பதாயிரத்தைத் தாண்டும், விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், செப்டம்பர் என்றால் மார்ச் மாதமே ஆரம்பித்துவிடுங்கள், கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், நாங்கள் சென்னையில் கொடுத்தோம். முதல் நாள் மாலை ராமேஸ்வரத்தில் ரயில் ஏறி, காலையில் இறங்கிக் குளித்துவிட்டுப் போனோம். வலை இழுத்த கைக்கு ரேகை விழாது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்பாவின் வலது கை கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள், ஏழெட்டுத் தடவை திரையில் சிவப்பாகவே வந்தது. ஆள்காட்டி விரலில் கயிறு அறுத்த தழும்பு குறுக்கே ஓடுகிறது, அங்கே ரேகையே கிடையாது. அங்கிருந்த பெண் பொறுமையாக ஈரத் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் கையை மூடித் திறக்கச் சொல்லி, அப்புறம் எடுத்தார். போவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து உப்புத் தண்ணீரில் கை வைக்காமல், வலை தொடாமல், ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மால்டாவில் இறங்கும்போதும் முகப் படமும் கைரேகையும் எடுப்பார்கள், 2025 அக்டோபரில் தொடங்கிய புது ஏற்பாடு, வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும் என்று தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

கீழக்கரை காக்கா:

சகோதரிக்கு, கருவாட்டைப் பற்றி நான் சொல்லலாம். துபாயில் 22 வருஷம் இருந்துவிட்டு ஊரில் இருக்கிறேன், மகன் மால்டாவில் படித்தபோது போய் வந்தேன். ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக்கூடாது. மீனுக்கு அந்தத் தடை கிடையாது, ஆளுக்கு 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்கு அனுமதி, காய்ந்த மீனும் அதில் சேரும். என் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். சீலாக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோன அதிகாரி, மீன்தானே என்று கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். என் வீட்டில் ஆசையாகக் கட்டிக் கொடுத்த பால்கோவாவும் நெய்ப் பாட்டிலும் அங்கேயே குப்பைக்குப் போயின. தொதல் போய்ச் சேர்ந்தது, அது தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும்தானே. கருவாட்டைக் காற்றுப் போகாமல் உறையில் இழுத்து அடைத்து, அதற்கு மேல் இன்னொரு உறை போட்டு, செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், மாங்காய் வேண்டாம், செடி கொடி பழம் காய்க்கெல்லாம் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கு விதிவிலக்கு உண்டு. முண்டு மிளகாயை ஊரிலேயே அரைத்துப் பொடியாகக் கொண்டு போங்கள், அங்கே கிடைக்கும் மிளகாயில் நம்ம குழம்பு நிறம் வராது. பவளம், கடல்குதிரை மாதிரி எதையும் அன்பளிப்பு என்று எடுத்துப் போய்விடாதீர்கள், அது இங்கேயே குற்றம்.

பிளக் நம்ம ஊர் உருண்டைக் கால் கிடையாது, துபாயில் இருப்பதே, சதுரக் கால் மூன்று. வண்டிகளும் நம்ம மாதிரி இடது பக்கம் ஓடும், ரோடு கடக்கும்போது பயம் இல்லை. இங்கிலீஷ் அரசு மொழி, எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அவர்களுடைய சொந்த மொழியைக் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். மார்சஷ்லோக் சந்தையில் ஒரு அம்மாள் மீனை எண்ணிப் போடுகிறார்: விஹெட், ட்நெய்ன், ட்லியெட்டா. அரபியில் வாஹித், இத்னைன், தலாதா. ஆண்டவரை அல்லா என்றே சொல்கிறார்கள், தவக்காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரன்டான், நம்ம ரமலானிலிருந்து வந்த சொல். கத்தோலிக்க நாடு, கோயில் இல்லாத தெருவைப் பார்க்க முடியாது, மொழி மட்டும் அரபியின் பிள்ளை. வளைகுடாவில் இருந்தவர்கள் யாரும் அங்கே அந்நியமாக உணர மாட்டார்கள்.

நம்ம ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும்: பள்ளிவாசல் பாவ்லா என்கிற ஊரில் இருக்கிறது, வாலெட்டாவிலிருந்து பஸ்ஸில் பக்கம். தெருவுக்குத் தெரு விற்கும் பஸ்டிட்சி என்கிற மடக்கு ரொட்டியில் பட்டாணி வைத்ததும் வெள்ளைப் பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு, மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

தங்கச்சிமடம் மகள்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவின் பாஸ்போர்ட்டையும் தம்பியின் பாஸ்போர்ட் நகலையும் நேற்றே எடுத்துப் பார்த்தோம், எங்கள் வீட்டிலும் அதே கதைதான், தகப்பன் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். நோட்டரியிடம் போகிறோம். நோன்பு நாள் விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்து போய் வேதாகமத்தை எடுத்து ஒன்பதாவது வசனத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை, காலையில் அம்மாவிடம் செப்டம்பர் என்றே சொல்லிவிட்டாராம்.

படி ஏற்றம் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதுதான் கவலையாக இருக்கிறது.

மண்டபம் டீச்சர்:

நான் சொல்கிறேன் அம்மா. என் கணவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், ஒன்பது நாள் சுற்றினோம்.

வாலெட்டா ஒரு மேட்டு முனையில் கட்டிய ஊர், நடுவில் ஓடும் தெரு பெரும்பாலும் சமதளம், இரண்டு பக்கமும் கடலை நோக்கி இறங்கும் தெருக்கள் படிக்கட்டாகவே போகும். பஸ் நிலையம் மேலேயே இருப்பதால் நடுத் தெருவை விட்டு இறங்காமல் பெரும்பாலானதைப் பார்த்துவிடலாம். கீழே துறைமுகத்துக்குப் போக மேல் பராக்கா தோட்டத்திலிருந்து லிஃப்ட் இருக்கிறது, இறங்கவும் ஏறவும் அதையே பிடியுங்கள். தோட்டத்தில் நின்றால் மொத்தத் துறைமுகமும் தெரியும், பகல் 12 மணிக்கு பீரங்கி வெடிப்பார்கள், மேலேயிருந்து பார்க்கக் காசு இல்லை. அங்கே ஓரமாக ஒரு பெஞ்சில் உங்கள் அப்பாவை உட்கார வைத்தால் அரை நாள் அவரே கப்பல் பார்த்துக்கொண்டிருப்பார். தேய்ந்து வழவழவென்று ஆன சுண்ணாம்புக் கல் தரை, மழைத் தூறல் விழுந்தால் மீன் செதில் மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ இருவருக்கும் ஊரிலேயே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள்.

சின்னப்பர் கோயில் இருக்கும் தெருவும் சரிவுதான், மெதுவாக இறங்க வேண்டும். அது தவிர, அவர் தங்கியதாக நம்பப்படும் குகை ரபாத் ஊரில் இருக்கிறது, அங்கே போக பஸ் உண்டு, உள்ளே இறங்கக் கொஞ்சம் படி. என் கணவர் கைப்பிடியைப் பிடித்து இறங்கிவிட்டார். சின்ன இடம். ஒரு சுரூபம், விளக்கு, கல் சுவர், அவ்வளவுதான். கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள், அப்பா தன் வேதாகமத்தை எடுத்து அங்கே உட்கார்ந்து படிக்கட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

புனித யோவான் இணைப் பேராலயத்தை விட்டுவிடாதீர்கள். வெளியே பார்த்தால் கோட்டைச் சுவர் மாதிரி வெறுமையாக இருக்கும். உள்ளே தரை முழுவதும் வண்ணச் சலவைக்கல்லில் இழைத்த கல்லறைகள், சுமார் 400 இருக்கும். 1608ல் கரவாஜியோ வரைந்த, திருமுழுக்கு யோவான் தலை வெட்டப்படும் ஓவியம் அங்கேதான் இருக்கிறது, அவர் அது ஒன்றில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கீழே சிந்திய ரத்தத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். தோள் மூடியிருக்க வேண்டும், குச்சி ஹீல்ஸ் கூடாது. அம்மா சேலையோடு போனால் எந்தத் தொந்தரவும் இல்லை. மொஸ்டா ஊரின் வட்டக் கோபுரக் கோயிலில் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி பூசைக்குக் கூடியிருந்தபோது குண்டு கோபுரத்தைத் துளைத்து உள்ளே விழுந்து வெடிக்காமலே கிடந்திருக்கிறது. அந்தக் கதையை அம்மாவுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள்.

வீசிங்குக்கு இன்ஹேலர் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் உண்மைப் பெயரோடு இருக்கட்டும். அவசரத்துக்கு 112. குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானது, ஆனால் நம்ம நரிப்பையூரில் செய்த மாதிரி பெரும் பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது, எங்களுக்கு ருசி பிடிக்கவில்லை. பாட்டில் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலை நசுக்காமல் கொண்டுபோய் எந்திரத்தில் போட்டால் அது திரும்ப வரும். கடலில் கால் நனைக்க மெல்லீஹா மணல் கரை ஏற்றது, ஆழமில்லாமல் நீண்டு போகும். ஊதா நிறக் கொடி பறந்தால் சொறிமீன் வந்திருக்கிறது என்று அர்த்தம், இறங்காதீர்கள்.

தொண்டிக்காரன்:

டீச்சர் சொன்ன குகைக்கு நானும் கூட வருகிறேன் தங்கச்சி, திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். சான் பவ்ல் குடாவில் இருந்து இரண்டு சின்னப் பாறைத் தீவுகள் தெரியும், ஒன்றின் மேல் சின்னப்பர் சுரூபம் பெரிதாக நிற்கும். அந்த இடத்தில்தான் கப்பல் தரைதட்டியது என்று இங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள், வேறு குடாக்களைச் சொல்பவர்களும் உண்டு. புஜிப்பா கரையிலிருந்து சுற்றுலாப் படகுகள் அந்தப் பக்கம் போகின்றன. வடகிழக்குக் காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும், அந்தக் குடாவின் வாய் அந்தத் திசைக்கே திறந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மால்டாக்காரர் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

தங்கச்சிமடம் மகள்:

அண்ணே, இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். குடாவின் வாய் வடகிழக்கே திறந்திருக்கிறது என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் பரண் மேலிருந்து பழைய விழுதுக் கயிற்றை இறக்கி, ஈயக் குண்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பாகத்துக்கு ஒரு முடிச்சு வீதம் இருபது முடிச்சு சரியாக இருக்கிறதா என்று கையை விரித்து விரித்து அளந்து பார்த்தார், இரண்டு முடிச்சு நழுவியிருக்கிறதாம். இதை விமானத்தில் கொண்டு வர விடுவார்களா என்று கேட்கச் சொன்னார்.

தொண்டிக்காரன்:

கைப்பையில் வேண்டாம், ஈயக் குண்டு ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்து பிரித்துக் காட்டச் சொல்வார்கள். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே, கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், தனியாகச் சுற்றி வையுங்கள். எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். படகுக்காரரிடம் பேசிவிட்டேன், செப்டம்பர் 8 போட்டி முடிந்த மறுநாள் காற்று சரியாக இருந்தால் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.